இரண்டு விரற்கடை முன்னால்

கூடாரம் மறுபடியும் இரண்டு விரற்கடை முன்னால் வந்திருந்தது.

பத்திரம் சார் நாற்காலியைப் போட்டு ஏறி, காரின் கூரைமேல் தட்டையான கறுப்புப் பெட்டியாக மடங்கியிருந்த அந்தக் கூடாரத்தின் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். நேற்று அங்கே ஒட்டிய சிவப்பு டேப், கூரையின் குறுக்குக் கம்பியை உரசிக்கொண்டு இருக்க வேண்டும். அது கம்பியை விட்டு விலகி, எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. நடுவில் அவருடைய இரண்டு விரல்கள் தாராளமாக நுழைந்தன. நட்டுகளைத் தொட்டுப் பார்த்தார். எட்டும் இறுகித்தான் இருந்தன. எதுவும் கழலவில்லை, உடையவில்லை, வளையவில்லை. ஆனாலும் ஐம்பத்தைந்து கிலோ எடையுள்ள ஒரு பொருள் யாரிடமும் சொல்லாமல் நடந்து வந்திருக்கிறது.

"எவ்வளவு?" என்று கீழேயிருந்து அவர் மனைவி கேட்டார்.

"ரெண்டு விரக்கடை."

"நேத்தும் ரெண்டு. முந்தாநாளும் ரெண்டு. ஒழுங்கா வேலை செய்யுது, பாவம்."

அவர் மனைவி டிரைவிங் டீச்சர். பதினோரு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அவர் நாள் முழுக்கக் காரில் சுற்றுவதாக நினைப்பார்கள். உண்மையில் அவர் நாள் முழுக்க டிரைவருக்குப் பக்கத்து சீட்டில், கைக்கு ஸ்டீயரிங் இல்லாமல், காலுக்கு மட்டும் ஒரு பிரேக்கோடு உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, பள்ளிக்கூட மதிலோரம் ரிவர்ஸ் எடுத்து, மைதானத்துக்குத் திரும்பி வருகிற அதே நாலு கிலோமீட்டர். வீட்டில் சோபாவில் உட்கார்ந்து டி.வி. பார்க்கும்போதுகூட, திரையில் ஒரு கார் வேகமாக வந்தால் அவருடைய வலது கால் தரையை மிதிக்கும்.

அவருக்கு ஒரே ஓர் ஆசைதான். ஆறு மணி நேரத் தூரத்தில், மலைக்கு மேலே ஓர் ஏரி இருக்கிறது. அதுவரைக்கும் தானே ஓட்ட வேண்டும். கரையில் தூங்க வேண்டும். பக்கத்தில் யாரும் கியரைத் தேடக்கூடாது.

இந்த ஆசை நிறைவேறாமல் போனது மூன்று முறை. முதல் வருடம், துணிப்பெட்டியின் சக்கரம் ஒன்று லேசாக ஆடுகிறது என்று பத்திரம் சார் பயணத்தை ரத்து செய்தார். இரண்டாம் வருடம் மழை வரலாம் என்றார், வரவில்லை. மூன்றாம் வருடம் பதினோரு கிலோமீட்டர் போனபிறகு கேஸ் மூடினோமா என்ற சந்தேகம் வந்து திரும்பினார்கள். மூடித்தான் இருந்தது. வந்ததுதான் வந்தோம் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

இந்த நான்காம் வருடம், பதினாலு மாணவர்களின் வகுப்பை மாற்றிப் போட்டு, டீச்சர் நாலு நாள் விடுப்பு வாங்கியிருந்தார். சனிக்கிழமை காலை கிளம்ப வேண்டும். அவர் கோபமாக எதுவும் சொல்லவில்லை. "இந்த வருஷமும் போகலேன்னா, இனிமே நான் கேக்கவே மாட்டேங்க" என்று துணி மடித்துக்கொண்டே சொன்னார். பத்திரம் சாருக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. கத்தியிருந்தால் தூங்கியிருப்பார்.

அவருடைய உண்மையான பெயர் தொழிற்சாலையில் யாருக்கும் ஞாபகமில்லை. கண்ணாடித் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவுக்கு மேற்பார்வையாளர். நாளொன்றுக்கு நானூறு கண்ணாடிகள் அவர் கையைத் தாண்டிப் போகும். நானூறுக்கும் "பத்திரம், பத்திரம்" என்பார். கீறல் விழுந்த பொருள் செத்த பொருள் என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கை அவரோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. ஃபிரிட்ஜின் கதவில் கம்பெனியில் ஒட்டி அனுப்பிய பிளாஸ்டிக் பிலிம் ஆறு வருடமாக அப்படியே இருக்கிறது. டி.வி. ரிமோட் கவருக்குள் இருக்கிறது. கவர் அழுக்காகக்கூடாது என்று அதற்கு மேல் இன்னொரு கவர். கார் சீட்டுகளின் பிளாஸ்டிக் உறை வெயில் நாளில் தொடையோடு ஒட்டிக்கொண்டு, இறங்கும்போது சர்ரென்று சத்தம் போடும். "நம்ம கார் நம்மள விடமாட்டேங்குது" என்பார் டீச்சர்.

ஏரிக்கரையில் தூங்க, கார் கூரைமேல் மாட்டும் கூடாரம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவே அவருக்கு மூன்று வாரம் ஆனது. கடையில் இரண்டு வகை இருந்தன. ஒன்று, துணியை மடித்துக் கட்டிய வகை. விரித்தால் பெரிய அறை, மடித்தால் பெரிய மூட்டை. மற்றது ஆமை ஓடுபோலக் கெட்டியான ஓடு போட்ட வகை. மேல்மூடியைத் தள்ளினால் பெட்டி வாய் திறப்பதுபோலத் திறந்து ஒரு நிமிடத்தில் படுக்கை தயார். மூடி இருக்கும்போது தட்டையாக இருப்பதால் காற்றும் அதிகம் மோதாது. டீச்சர் ஓடு போட்ட வகையைக் காட்டினார். பத்திரம் சார் எடையைக் கேட்டார்.

ஏனென்றால் காரோடு வந்த புத்தகத்தில், கூரைமேல் எழுபத்தைந்து கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று எழுதியிருந்தது. அவர் கணக்குப் போட்டார். கூடாரம் ஐம்பத்தைந்து. குறுக்குக் கம்பிகள் ஆறு. அதுவே அறுபத்தொன்று. அவர் எண்பத்திரண்டு. மனைவியின் எடையை வாய்விட்டுச் சொல்லாமல் மனதுக்குள் கூட்டினார். மொத்தம் இருநூறைத் தாண்டியது. அப்படியென்றால் ராத்திரி நடுவில் இருவரும் கூடாரத்தோடு பின் சீட்டில் போய் உட்காருவோம்!

கடைக்காரர் பொறுமைசாலி. "சார், அந்த எழுபத்தஞ்சு ஓடுற வண்டிக்கு. வண்டி ஓடும்போது பள்ளத்துல விழும், வளைவுல சாயும், பிரேக் அடிச்சா மேல இருக்கறது முன்னால பாயும். ஒவ்வொரு தடவையும் ஒரு கிலோ மூணு கிலோ மாதிரி உதைக்கும். அதையெல்லாம் சேர்த்துதான் எழுபத்தஞ்சுன்னு கொறைச்சு எழுதறாங்க. நிக்கிற வண்டி உதைக்காது. அதோட கூரை பல மடங்கு தாங்கும். நிக்கும்போது எவ்வளவுன்னு கார் கம்பெனிக்காரங்களையும், கம்பி செஞ்சவங்களையும் கேட்டுக்குங்க. நீங்க தூங்கும்போது கார் ஓடாதே?"

"ஓடாது."

"அப்ப சரி."

பத்திரம் சார் இரண்டு கம்பெனிக்கும் எழுதிக் கேட்டார். இரண்டு பேரும் தாங்கும் என்று எழுத்தில் பதில் அனுப்பினார்கள். அந்தப் பதில்களையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துக்கொண்டார்.

"பிடிக்கலேன்னா வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள திருப்பிக் கொடுக்கலாம் சார். ஆனா வந்தது வந்தபடியே இருக்கணும், ஒரு கீறல் கூடாது" என்றார் கடைக்காரர். யாரிடம் என்ன சொல்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது.

கூடாரத்தோடு வந்த கையேட்டில் ஓர் எழுத்துக்கூட இல்லை, எல்லாம் படம். எந்த நாட்டுக்காரனும் புரிந்துகொள்ளட்டும் என்று அப்படிச் செய்திருந்தார்கள். முதல் படத்தில் ஒரு கை, அலுமினியச் சட்டத்தின் ஓரத்தில் ஏதோ ஒரு மெல்லிய முனையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"கொடி ஆட்டச் சொல்றானா?" என்றார் டீச்சர்.

"துணி. துடைக்கச் சொல்றான்" என்றார் பத்திரம் சார். ஒருமுறைக்கு மூன்றுமுறை துடைத்தார். கண்ணாடி துடைக்கும் திரவம் போட்டுத் துடைத்தார். சட்டங்கள் முகம் தெரிகிற அளவுக்கு வழவழத்தன. அவருக்கு மனம் குளிர்ந்தது.

மற்றப் படங்கள் தெளிவாகவே இருந்தன. காரின் குறுக்கே இரண்டு கம்பிகள். கூடாரத்தின் அடியில், காரின் நீளவாக்கில், இரண்டு சட்டங்கள். சட்டம் கம்பியைக் கடக்கும் இடங்கள் நாலு. நாலிலும் ஒவ்வொரு கவ்வி: கம்பிக்கு அடியில் ஒரு தகடு, அதன் இரு பக்கமும் மேலே சட்டத்துக்குப் போகும் இரண்டு போல்ட்டுகள், இரண்டு நட்டுகள். நட்டை முறுக்க முறுக்கத் தகடு மேலேறிக் கம்பியைச் சட்டத்தோடு சேர்த்து நெரிக்கும். அந்த நெரிசல்தான் கூடாரத்தைப் பிடித்து வைக்கிறது. வேறு ஆணியோ கொக்கியோ கிடையாது. எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதும் படத்தில் இருந்தது. அதற்காகவே தொழிற்சாலையிலிருந்து, சரியான முறுக்கு வந்ததும் 'டிக்'கென்று சொல்லும் ஸ்பேனர் ஒன்றைக் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தார். எட்டு நட்டுக்கும் எட்டு டிக்.

பிறகு டீச்சர் சோதனை வைத்தார். காலி மைதானத்தில் முப்பது வேகம், சடன் பிரேக், பத்துத் தடவை. பஸ்ஸில் பிரேக் அடித்தால் நிற்பவர்கள் முன்னால் சாய்வார்கள் அல்லவா? கவ்வி சரியாகப் பிடிக்காவிட்டால் கூடாரமும் அதையேதான் செய்யும். அதைக் கண்டுபிடிக்கத்தான் சிவப்பு டேப்.

கூடாரம் அதையேதான் செய்தது. புதனன்று கவ்விகளைத் தளர்த்தி, பின்னுக்குத் தள்ளி, மறுபடி எட்டு டிக். நகர்ந்தது. கம்பியைப் பிடித்து உலுக்கினார்; கார்தான் ஆடியதே தவிரக் கம்பி ஆடவில்லை. இன்றைக்கு வியாழன். கவ்விகளை இடம் வலம் மாற்றிப் பார்த்தாயிற்று. இதோ, மறுபடியும் நகர்ந்திருக்கிறது.

டீச்சரின் அண்ணன் அன்று சாயங்காலம் வந்தார். காப்பீட்டு ஏஜெண்ட். எதைப் பார்த்தாலும் அது எப்படி உடையும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"மாப்பிள்ளை, போன மாசம் ஒருத்தர். கூரைமேல சைக்கிள் கட்டிட்டுப் போனார். இவர் பிரேக் அடிச்சார். சைக்கிள் அடிக்கல. இவருக்கு முன்னால அது போய்ச் சேர்ந்துடுச்சு."

"அண்ணே, நல்லதா ஏதாவது சொல்லேன்" என்றார் டீச்சர்.

"நல்லதுதானே, சைக்கிளுக்கு ஒண்ணும் ஆகல. கயிறு இருக்கா? நல்லா நாலு சுத்து சுத்திக் கட்டிடுவோம்."

"வேணாம் மச்சான்" என்றார் பத்திரம் சார். "கயிறு கட்டினா நகர்றது நமக்குத் தெரியாது. நகர்றது நிக்காது. ஏன் நகருதுன்னு தெரியாம நான் அவளை மலை ஏறச் சொல்ல மாட்டேன்."

"அப்ப கூடாரத்தைத் திருப்பிக் கொடுத்துட்டு எங்க வீட்டுக்கு வாங்க. நாலு நாள் ஹால்ல படுத்துக்கலாம். நான் வயலின் கத்துக்கறேன்ல, வாசிச்சுக் காட்டறேன்."

ஐம்பத்திரண்டு வயதில் அவர் வயலின் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. இன்னும் ஒரே பயிற்சிதான். பக்கத்து வீட்டுக்காரர்கள் அதற்குள் இரண்டு பேர் மாறிவிட்டார்கள்.

டீச்சர் வீட்டுக்குள் போய், ஏரிக்கென்று எடுத்து வைத்திருந்த இரண்டு கம்பளிகளைத் திரும்ப அலமாரியில் வைத்தார். அலமாரிக் கதவு மெதுவாகச் சாத்தப்படும் ஓசை வெளியே பத்திரம் சாருக்குக் கேட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தொழிற்சாலையில் மத்தியானம் மூன்று மணிக்கு லாரிக்காரர் ஒருவர் சலிப்போடு வந்தார். இருபது வருடமாக அங்கே சரக்கு ஏற்றுகிறவர். பத்திரம் சாரிடம் உரிமையாகப் பேசுபவர்.

"சார், உங்க கண்ணாடிப் பெட்டி ஒரே ஆட்டம். நானும் பெல்ட்டை ரெண்டு பேரை வெச்சு இழுத்துக் கட்டறேன். வாசல் தாண்டறதுக்குள்ள நகருது. கழுவுற மீன்ல நழுவுற மீனா இருக்கு."

பத்திரம் சார் லாரியின் மேல் ஏறிப் பார்த்தார். மரப்பெட்டிகளுக்கு மேல் மழைக்காகச் சுற்றிய பிலிம் மின்னியது. பெல்ட் அந்தப் பிலிம்மேலேயே கட்டப்பட்டிருந்தது. அவருக்கு வந்தது பாருங்கள் கோபம்!

"எத்தன வருஷமாய்யா ஏத்தறீங்க? எத்தன தடவ சொல்லியிருக்கேன்? பிலிம்மேல பெல்ட் போடாதீங்க, போடாதீங்கன்னு! அது வழுக்கும். நீ என்னதான் இறுக்கினாலும், பெல்ட் பெட்டியப் பிடிக்கல, பிலிம்மத்தான் பிடிக்குது. பிலிம் பெட்டி மேல வழுக்குது. மொதல்ல அந்த எடத்துல பிலிம்ம உரிக்கணும். அப்பறந்தான்…"

அங்கேயே நின்றுவிட்டார்.

"அப்பறந்தான்?" என்றார் லாரிக்காரர்.

பத்திரம் சாரின் வாய் திறந்தபடி இருந்தது. ஒரு கை, சட்டத்தின் ஓரத்தில், மெல்லிய முனையைப் பிடித்துக்கொண்டிருக்கும் படம் அவர் கண்முன் வந்தது. அது துணியும் இல்லை, கொடியும் இல்லை.

"சார், வாயை மூடுங்க. ஈ போயிடும்."

"நான் துடைச்சேன்யா" என்றார் பத்திரம் சார். "மூணு தடவை. பளபளன்னு துடைச்சேன்."

"எதை சார்?"

பதில் சொல்ல அவர் அங்கே இல்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த மனிதர், இருபது வருடத்தில் முதல்முறையாக அனுமதிச் சீட்டு எழுதாமல் வாசலைத் தாண்டினார்.

வீட்டில் கார் நிறுத்துமிடத்தில் டீச்சரும் அண்ணனும் நின்றிருந்தார்கள். அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார்.

"கடைக்குப் பேசிட்டேங்க" என்றார் டீச்சர். "ஆறு மணிக்குள்ள கொண்டுவரச் சொன்னாங்க. எறக்கறதுக்கு அண்ணனை வரச்சொன்னேன்."

"எறக்க வேணாம். தூக்கினாப் போதும். மச்சான், இந்தப் பக்கம் வாங்க."

எட்டு நட்டுகளையும் கழற்றினார். மூவருமாகக் கூடாரத்தை ஒரு பக்கம் உயர்த்தி, அடியில் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்தார்கள். பத்திரம் சார் கம்பியின் முனையிலும் சட்டத்தின் முனையிலும் நகத்தால் கீறினார். கண்ணுக்கே தெரியாத ஒன்று, நகத்தோடு லேசாக மேலெழுந்தது.

"இதான்" என்றார்.

மூவரும் குனிந்து பார்த்தார்கள். தண்ணீரைத் தோலாக உரித்ததுபோல ஒரு பிலிம்.

"சட்டத்துல இருக்கு, கம்பியிலயும் இருக்கு. ரெண்டு பிலிம் முகத்தோட முகம் வெச்சு உக்காந்திருக்கு. நான் எவ்வளவு முறுக்கினாலும் நெரிசல் பிலிம் மேலதான் விழுது. நட்டு எறுகிடுச்சுன்னு ஸ்பேனர் சொல்லும், அது பொய்யில்ல. ஆனா பிரேக் அடிச்சதும் பிலிம்மேல பிலிம் வழுக்கும். போதாக்குறைக்கு நான் அதுக்குக் கண்ணாடி மருந்து வேற போட்டேன்."

"அப்ப உரிங்க" என்றார் டீச்சர்.

அவர் உரிக்கவில்லை. முனையைப் பிடித்தபடியே நின்றார்.

"உரிச்சா திருப்பிக் கொடுக்க முடியாது. வந்தது வந்தபடியே இருக்கணும்னான்."

மணி நாலே முக்கால். அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டீச்சர் கணவரைப் பார்த்தார். பதினாறு வருடக் குடித்தனத்தில் இந்த மனிதர் எதிலிருந்தும் எதையும் உரித்து அவர் பார்த்ததில்லை. வாழைப்பழத்தைக்கூடக் கடைசி வரைக்கும் தோலோடு பிடித்துத்தான் சாப்பிடுவார்.

"அந்தக் கம்பளி ரெண்டையும் எடுத்து வை" என்றார் பத்திரம் சார். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார்.

சர்ர்ர்ர்ர்ர்.

நீளமாக, ஒரே மூச்சில், சட்டத்தின் முழுப் பிலிமும் வந்தது. கண்ணைத் திறந்தபோது அவர் முகம் பல் பிடுங்கிக்கொண்டவர் முகம்போல இருந்தது. வலிக்கவில்லை என்பதை இன்னும் நம்பாத முகம்.

"அடுத்தது நான்!" என்றார் டீச்சர்.

"எனக்கொண்ணு குடும்மா" என்றார் அண்ணன். "கேக்கவே நல்லாருக்கு, சுதி சேர்ந்து வருது."

"உன் வயலினை விட நல்லாத்தான் இருக்கு அண்ணே."

இரண்டு சட்டம், இரண்டு கம்பி. நாலையும் உரித்தார்கள். பசை மிச்சம் இருந்த இடங்களைப் பத்திரம் சார் ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த துணியால் உலர்த்தினார். கண்ணாடி மருந்துப் பக்கமே போகவில்லை. உரித்த அலுமினியத்தை விரலால் தடவினார். வழவழப்பு இல்லை, விரலை லேசாகப் பிடித்தது. கூடாரத்தைக் கீழே இறக்கி, பழைய இடத்துக்குத் தள்ளப் பார்த்தபோது, நேற்றுவரை ஒரு கையால் வழுக்கிப் போனது இன்றைக்கு மூன்று பேர் தள்ளியும் முனகியது.

நட்டுகளை ஒரேயடியாக இறுக்கவில்லை. ஒரு மூலையில் கொஞ்சம், எதிர் மூலையில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிச் சுற்றி வந்தார். அப்படிச் செய்தால்தான் நாலு கவ்வியும் சமமாக உட்காரும். கடைசிச் சுற்றில் ஸ்பேனர் எட்டுத் தடவை டிக் சொன்னது. புது டேப்பைக் கம்பியை உரசும்படி சட்டத்தில் ஒட்டி வைத்தார்.

மைதானத்தில் டீச்சர் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். பத்திரம் சார் பக்கத்து சீட்டில். அண்ணன் தூரத்தில், ஒரு மரத்துக்குப் பின்னால், காப்பீட்டு முறைப்படி நின்றார்.

"பத்திரம்" என்றார் பத்திரம் சார்.

"வாயை மூடிட்டு பெல்ட் போடுங்க."

முப்பது. பிரேக். முப்பது. பிரேக். ஒவ்வொரு முறையும் பத்திரம் சாரின் கால், இல்லாத ஒரு பிரேக்கை மிதித்தது; அதைப் பார்த்து டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. பத்து முடிந்ததும் இன்னும் ஐந்து, ஆசைக்காக. மணி ஐந்து ஐம்பது.

பத்திரம் சார் இறங்கினார். சீட்டு உறை சர்ரென்று அவரை விட்டது. உள்ளே சாய்ந்து அந்த உறையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அதுக்கும் நாள் வரும்" என்றார் டீச்சர். "மொதல்ல மேல பாருங்க."

அவர் டயரின்மேல் கால் வைத்து ஏறி, டார்ச் அடித்து, இரண்டு விரலை நீட்டினார். விரல் நுழையவில்லை. நகம் நுழையவில்லை. பையிலிருந்த கடை ரசீதை எடுத்துச் செருகிப் பார்த்தார். அதுவும் நுழையவில்லை.

டேப் கம்பியை ஒட்டியபடியே இருந்தது. கீழே இறங்கி, கையேட்டின் முதல் படத்துக்குப் பக்கத்தில், பேனாவால் எழுதினார்: "மாட்டுவதற்கு முன் சட்டத்திலும் கம்பியிலும் உள்ள பிலிமை உரிக்கவும். உலரத் துடைக்கவும். நட்டுகளை எதிரெதிர் மூலையாக, டிக் வரும்வரை முறுக்கவும். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி, மறுபடி முறுக்கிப் பார்க்கவும். நகராது."